‘அ’வுக்கு முன்னால் ‘ட’!

‘அ’ எழுதச் சொன்னால் உங்கள் வீட்டுக் குட்டி நோட்டைத் தள்ளிவிட்டு அழுகிறதா? கோபப்படாதீர்கள். ‘அ’ வரிசையில்தான் முதல் எழுத்து. எழுதுவதற்கு அது அத்தனை சுலபம் இல்லை. சுழி, வளைவு, நேர்கோடு எல்லாம் அதில் சேர வேண்டும். பிஞ்சு விரலுக்கு அது பெரிய வேலை.

‘ட’வில் ஆரம்பியுங்கள். மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு. அவ்வளவுதான்! வலது முனையை மேலே ஏற்றினால் ‘ப’. ஏற்றிய முனையை உள்பக்கம் வளைத்து இறக்கினால் ‘ம’.

இதற்குப் பென்சில் வேண்டாம். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரலால் எழுத விடுங்கள். விஜயதசமி அன்று மட்டும் செய்வதை, தினமும் ஐந்து நிமிடம் செய்யலாம். தப்பானால் தட்டை ஒரு குலுக்கு குலுக்கினால் போதும். ரப்பரும் வேண்டாம், திட்டும் வேண்டாம். அரிசியை மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது என்பதால் பக்கத்திலேயே இருங்கள்.

வடிவங்களுக்குச் சமையலறை போதும். தோசை வட்டம். நாலாக மடித்த சப்பாத்தி முக்கோணமா? “ஒரு பக்கம் மட்டும் ஏன் வளைஞ்சிருக்கு?” என்று கேளுங்கள். வாசலில் நாலு புள்ளி வைத்து இணைக்கச் சொன்னால் சதுரம். சப்பாத்தி மாவைப் பாம்பு மாதிரி உருட்டிச் சுருட்டினால், ‘அ’வின் சுழி கைக்குப் பழகிவிடும்.

ட, ப, ம. கூடவே கோலத்துப் புள்ளி ஒன்று. ஒருநாள் அரிசித் தட்டில் ‘படம்’ என்று எழுதிக் காட்டுங்கள். குட்டி அதைத் தானே வாசித்துவிட்டால், அடுத்து ‘அ’வை அதுவே கேட்கும்!