வயிறு நிறைஞ்சாலும் விடமாட்டாங்க!

செனகல் கிராமங்களில் தங்கிப் படிக்கப்போகும் அமெரிக்க மாணவிகளுக்கு முதல் பாடமே சாப்பாட்டில்தான். ஒரே பெரிய தட்டைச் சுற்றிக் குடும்பமே உட்காரும். அவரவர் முன்னால் இருப்பதை மட்டும்தான், அதுவும் வலது கையால்தான் எடுக்கணும். நடுவில் இருக்கும் மீனைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிவிடுவது வீட்டு அம்மா. 'சூர் நா', அதாவது வயிறு நிறைஞ்சிடுச்சு என்றால், 'லெக்கல்!' என்று அதட்டல். சாப்பிடு என்று அர்த்தம். நமக்குப் பழகிய அதட்டல்தான்!

விருந்தாளி பக்கம் பெரிய துண்டாக விழும்போது, எதிரே இருக்கும் குழந்தையின் பங்கு குறையும். அதைக் கவனிக்கிற மாணவிக்குத் தொண்டையில் இறங்காது. வேண்டாம் என்றால் அம்மா முகம் வாடும். பதிலுக்குக் கம்பு இடிக்க உதவலாம் என்று உலக்கையைப் பிடித்தால், கொஞ்ச நேரத்தில் கை கொப்புளிக்கும். சிரித்துக்கொண்டே அதை வாங்கி இடிப்பாள், அந்த வீட்டுப் பெண்.