கேட்கப்படாதவர் பேசமாட்டார்



ஜமாஅத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இல்லாத மஹல்லாவை இன்று நம் ஊர்களில் காண்பது அரிது. நிர்வாகத்துக்கு ஒன்று, இளைஞர்களுக்கு ஒன்று, வளைகுடாவில் பணிபுரியும் ஊர்க்காரர்களுக்கு ஒன்று, மதரஸா பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று எனக் குழுக்கள் பெருகியிருக்கின்றன. ஆயினும் எந்தக் குழுவைத் திறந்தாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காலையில் 'ஜும்ஆ முபாரக்' படங்கள் வரிசையாக வருகின்றன. எங்கிருந்தோ வந்த காணொளிகள் எவராலும் பார்க்கப்படாமல் குவிகின்றன. நாலைந்து பேர் தமக்குள் வாதிட்டுக்கொள்கின்றனர். இவற்றுக்கு நடுவே வந்த ஜனாஸா அறிவிப்பு ஒன்று கண்ணில் படாமலேயே மறைந்துவிடுகிறது. எஞ்சிய நூற்றுக்கணக்கானோர் எதுவும் பேசுவதில்லை.

இந்த மௌனத்துக்குப் பொறுப்பாளர்கள் இரண்டு காரணங்களைச் சொல்வதுண்டு. "மக்களுக்கு அக்கறை இல்லை" என்பது ஒன்று. "பேசவிட்டால் ஃபித்னாதான் மிஞ்சும், அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டிவிடுவதே நல்லது" என்பது மற்றொன்று. இரண்டுமே நோயைத் தவறாகக் கணித்ததன் விளைவு என்று கருதுகிறேன். நம் மக்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். அவர்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. கேட்டபோதும், அவர்கள் சொன்ன பதில் என்னவாயிற்று என்பதை எவரும் திரும்பி வந்து சொல்லவில்லை. மௌனத்தின் வேர் இதுதான்.

2015 டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்த நாள்களை நினைத்துப் பாருங்கள். பள்ளிவாசல்கள் எல்லா மதத்தாருக்கும் கதவுகளைத் திறந்தன. எந்தத் தெருவில் படகு வேண்டும், எந்த இடத்தில் உணவு இருக்கிறது, யார் வீட்டு மாடியில் முதியவர் சிக்கியிருக்கிறார் என்ற செய்திகள் கைப்பேசிகளின் வழியே இடைவிடாமல் பரிமாறப்பட்டன. அதுவரை ஒரு வரிகூட எழுதாதவர்களும் அப்போது எழுதினார்கள். காரணம் எளியது. கேள்வி தெளிவாக இருந்தது. தம்மால் பதில் சொல்ல முடியும் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. சொன்னால் பயன் விளையும் என்பதைக் கண்ணால் கண்டார்கள். வெள்ளம் வடிந்த பிறகும் இம்மூன்றும் இருந்தால் மக்கள் பேசுவார்கள்.

மார்க்கம் நமக்கு இதைத்தான் கற்றுத் தந்திருக்கிறது. நம்பிக்கையாளர்கள் தம் காரியங்களைத் தமக்குள் கலந்தாலோசித்துக்கொள்வார்கள் என்பதை அவர்களின் பண்பாகவே திருக்குர்ஆன் (42:38) குறிப்பிடுகிறது. ஆலோசனை என்பது முடிவெடுத்துவிட்டு அறிவிப்பதன்று. முடிவெடுக்கும் முன் கேட்பது.

அண்ணலார் (ஸல்) அவர்களின் காலத்தில் பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஒருவரைப் பற்றிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அவர் ஒரு பெண்மணி என்பது பெரும்பாலோர் அறிந்த அறிவிப்பு. சில நாள்களாக அவரைக் காணாத நபி (ஸல்) அவர்கள் அவரைப் பற்றி விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்று தோழர்கள் கூறினார்கள். அதைத் தமக்கு அறிவிக்கவில்லையே என்று கேட்ட நபியவர்கள், அடக்கத்தலத்தைக் காட்டச் சொல்லி அங்கே சென்று தொழுகை நடத்தினார்கள். அவரைப் பெரிதாக எண்ணாததால்தான் தோழர்கள் சொல்லாமல் இருந்துவிட்டனர். பெருந்தலைவரோ அந்த எளிய மனிதர் வராததைக் கவனித்தார்கள். ஒரு சமூகத்தின் பொறுப்பாளருக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறென்ன இருக்க முடியும்? குழுவில் யார் அதிகம் பேசுகிறார் என்பதை எவரும் கண்டுகொள்ளலாம். யார் பேசவில்லை, யார் காணவில்லை என்பதைக் கவனிப்பதே பொறுப்பு.

இன்று நம் குழுக்களில் யாரெல்லாம் காணவில்லை? முதலில் பெண்கள். ஜமாஅத்தின் முடிவுகளில் பாதிக்கு மேல் அவர்களின் வாழ்வைத் தொடுகின்றன: பிள்ளைகளின் மதரஸா நேரம், திருமணச் செலவு, கைவிடப்பட்ட மனைவியின் முறையீடு, விதவையின் உதவித்தொகை. ஆனால் நூற்றுக்கணக்கான ஆண்கள் உள்ள குழுவில் தம் கைப்பேசி எண் எல்லோர் கண்ணிலும் படுவதை எந்தப் பெண் விரும்புவார்? ஆண்கள் தங்களை முந்திக்கொள்கிறார்கள், எங்களுக்கென ஒரு நாளை ஒதுக்குங்கள் என்று நபித்தோழியர் கேட்டபோது அண்ணலார் அவ்வாறே ஒதுக்கினார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் தோழர்கள் துயரத்தில் அசையாமல் நின்ற இக்கட்டான வேளையில், உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனையை ஏற்றுத்தான் நபியவர்கள் செயல்பட்டார்கள். ஆகவே பெண்களுக்குத் தனிக் குழுவும், அதற்குப் பெண் பொறுப்பாளர்களும், அவர்கள் தொகுத்துத் தரும் கருத்துக்கு நிர்வாகக் கூட்டத்தில் உறுதியான இடமும் வேண்டும். தனிக் குழு அமைத்துவிட்டு அங்கே பேசப்பட்டதை ஒருவரும் படிக்காமல் விட்டால், அது மரியாதையான முறையில் ஒதுக்கிவைப்பதே ஆகும்.

அடுத்து, வெளிநாட்டில் இருப்பவர்கள். பள்ளிவாசல் கட்டடத்துக்கு நிதி வேண்டும் என்றால் முதலில் அவர்களைத்தான் நினைக்கிறோம். ஜும்ஆவுக்குப் பின் உள்ளூரில் நடக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு இதுவரை குரல் இருந்ததில்லை. கைப்பேசி முதன்முறையாக அந்த வாய்ப்பைத் தந்திருக்கிறது. அதை வெறும் வசூல் அறிவிப்புக்கு மட்டும் பயன்படுத்துவது நியாயமாகுமா?

மூன்றாவதாக, இளைஞர்கள். ஒரு கேள்வி கேட்டதற்காகப் பெரியவர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் "உனக்கு என்ன தெரியும்?" என்று எழுதினால், அந்த இளைஞர் மறுபடி எழுதமாட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற ஐம்பது பேரும் எழுதமாட்டார்கள். பிறரை ஏளனம் செய்யாதீர்கள் என்ற இறைக்கட்டளை (49:11) நாவுக்கு மட்டுமன்று, விரல் நுனிக்கும் உரியது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேளுங்கள். "ரமளான் ஏற்பாடுகள் குறித்துக் கருத்துகள் வரவேற்கப்படுகின்றன" என்று எழுதினால் எவரும் வாய் திறக்கமாட்டார். "நோன்புக் கஞ்சிக்கு 30 நாள்களில் 19 நாள்களுக்குப் பொறுப்பாளர்கள் கிடைத்துவிட்டனர், எஞ்சிய 11 நாள்களை ஏற்பவர் யார்?" என்று எழுதிப் பாருங்கள். "மக்தப் வகுப்பு அஸருக்குப் பின்னா, மக்ரிபுக்குப் பின்னா?" என்று வாக்கெடுப்பு வையுங்கள். எழுதத் தயங்கும் முதியவர் குரல் பதிவில் சொல்லட்டும். கைப்பேசியே இல்லாதவரிடம் அண்டை வீட்டுக்காரர் கேட்டு வந்து சொல்லட்டும்.

கேட்ட பின் திரும்பி வந்து சொல்லுங்கள். இத்தனை பேர் இப்படிச் சொன்னார்கள், ஆகவே இந்த முடிவை எடுத்தோம், இந்தக் காரணத்தால் அந்த யோசனையை ஏற்க முடியவில்லை என்று நான்கு வரி எழுதினால் போதும். தன் யோசனை ஏற்கப்படாதவர்கூட அடுத்த முறையும் பேசுவார். பதிலே கிடைக்காதவர் பேசமாட்டார்.

மாதந்தோறும் வரவு செலவைக் குழுவில் வையுங்கள். மையவாடிச் சுற்றுச்சுவருக்கு வந்த தொகை எவ்வளவு, செலவு எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்பது தெரிந்தால் பாதிச் சர்ச்சைகள் பிறக்கவே பிறக்காது. குழுவைப் பூட்டினால் ஃபித்னா அடங்கும் என்பது மாயை. பூட்டப்பட்ட பேச்சு தேநீர்க் கடைக்கும், நாலு பேர் கொண்ட இரகசியக் குழுவுக்கும் இடம்பெயர்கிறது. அங்கே அதற்குப் பதில் சொல்ல நிர்வாகி இருப்பதில்லை.

அறிவிப்பையும் உரையாடலையும் பிரித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். 2022இல் அறிமுகமான 'கம்யூனிட்டி' வசதியில், ஜனாஸா, தொழுகை நேரம் போன்றவற்றுக்கு அட்மின் மட்டும் எழுதும் ஓர் அறிவிப்புப் பகுதியையும், அதன்கீழ் உரையாடலுக்குத் தனித்தனிக் குழுக்களையும் அமைக்க முடியும். அறிவிப்புப் பகுதியில் ஓர் உறுப்பினரின் எண் மற்ற உறுப்பினர்களுக்குப் பொதுவாகத் தெரிவதில்லை. பூட்ட வேண்டியதைப் பூட்டி, திறக்க வேண்டியதைத் திறந்துவைக்கும் வழி இது.

பகிர்வதற்கு முன் விசாரியுங்கள். செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்கிறது திருக்குர்ஆன் (49:6). பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியால் 2018இல் நம் நாட்டில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பின்னரே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு வாட்ஸ்அப் கட்டுப்பாடு விதித்தது. 2020இல் கொரோனாவின் தொடக்கத்தில் பொய்ச் செய்திகளின் வலியை நம் சமுதாயமே சுமந்தது. அந்த வலியை அறிந்த நாம், பிறரைப் பற்றிய பொய்யைக் கடத்தும் கைகளாக இருக்கலாமா?

எளியோரின் மானத்தைக் காப்பாற்றுங்கள். உதவி பெறும் குடும்பத்தின் படத்தையோ பெயரையோ குழுவில் இடுவது, கொடுத்ததைச் சொல்லிக் காட்டி மனம் நோகச் செய்யாதீர்கள் (2:264) என்ற எச்சரிக்கையை மறப்பதாகும். தன் வறுமை ஒருநாள் எல்லோர் கைப்பேசியிலும் வரும் என்று அஞ்சுபவர், உண்மையிலேயே தேவை வரும்போது வாய் திறக்கமாட்டார். அவர் பசியோடு இருந்ததை நாம் பிறகுதான் அறிவோம். வரம்பு மீறி எழுதியவரையும் குழுவில் வைத்துக் கண்டிக்காமல், தனியே அழைத்துப் பேசுவதே பண்பு.

"திரையில் பேசுவதெல்லாம் ஒரு ஜமாஅத்தா?" என்று கேட்போர் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பதற்கு ஈடாக எந்தக் குழுவும் ஆகாது. எனவே குழுவின் வெற்றியை அதில் வந்த செய்திகளின் எண்ணிக்கையால் அளக்க வேண்டாம். நோயுற்றவரைப் பார்க்க எத்தனை பேர் சென்றார்கள், இரத்தம் தேவைப்பட்டவருக்கு எவ்வளவு விரைவில் கிடைத்தது, யாருமற்றவரின் ஜனாஸாவில் எத்தனை வரிசைகள் நின்றன என்பவற்றால் அளப்போம்.

இந்த வாரம் ஒரு சிறு செயலைத் தொடங்கலாம். உங்கள் மஹல்லா குழுவின் உறுப்பினர் பட்டியலைத் திறந்து, ஓராண்டாக ஒரு சொல்லும் எழுதாத மூவரைத் தேர்ந்தெடுங்கள். ஸலாம் சொல்லி, நலம் விசாரித்து, ஜமாஅத்திடம் அவர்கள் எதிர்பார்ப்பது என்ன என்று கேளுங்கள். கேட்டதைக் குறித்துக்கொண்டு நிர்வாகத்திடம் சேருங்கள்.

ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் சமுதாயமாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக. ஆமீன்.