பலா இலையும் சுப்பர் குளூவும்

போன வருசம் ஒரு அக்கா பத்துப் பலா இலைகளோட எங்களிட்ட வந்தா. ஊர் வீட்டு முற்றத்துப் பலா. றோட்டை அகலிக்க மரத்தைத் தறிக்கப் போகினம் எண்டு தெரிஞ்சு, முதலே இலைகளைப் பொறுக்கி பழைய கொப்பிக்குள்ள காயவைச்சிருந்தா. "பிறேம் போட்டுத் தாங்கோ, அம்மான்ர அறையில கொழுவ வேணும்" எண்டா. கறுப்பு மட்டையில அடுக்கி, சுப்பர் குளூ போட்டு, இரண்டு நாளில குடுத்திட்டம். இலைகளைச் சுத்தி லேசா வெள்ளையாத் தெரிஞ்சது. தூசி எண்டு நினைச்சம்.

நாலு மாதத்தில பிறேம் திரும்பி வந்தது. மட்டையெல்லாம் வெள்ளைப் புகார். இரண்டு இலை நடுவால வெடிச்சிருந்தது. வேற மட்டைக்கு மாத்துவம் எண்டு கழட்டப் பார்த்தா, இலை தூளாத்தான் வந்தது. மரமும் இப்ப இல்லை. அக்கா ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் எங்களுக்குக் கூடச் சுட்டது.

பூ, இலை, ஓலை, வைக்கோல் வைச்சுப் பிறேம் செய்யிற எங்கட வயசுக்காரர் இப்ப கனபேர். எல்லாரும் பசைக்கடையில கேக்கிற முதல் கேள்வி "எது நல்லா இறுக்கமா ஒட்டும்?" எண்டதுதான். கேள்வியே பிழை எண்டுறம் நாங்கள். கேக்க வேண்டியது: "நாளைக்குக் கழட்ட ஏலுமா?"

காரணம் இருக்கு. காய்ஞ்ச இலையும் மட்டையும் சும்மா இருக்கிறதில்லை. மாரியில ஈரத்தை இழுத்து விரியும், சோளகம் வீசேக்க காய்ஞ்சு சுருங்கும். இரண்டும் ஒரே அளவில விரியாது. முழு இலையையும் இறுக்கமா ஒட்டினால், அசைய வழியில்லாமல் இலைதான் வெடிக்கும். சுப்பர் குளூ காய்ஞ்சால் கண்ணாடி மாதிரி விறைச்சுப்போகும்; வளைஞ்சு குடுக்காது. அதின்ர ஆவிதான் அந்த வெள்ளைப் புகாரும். சூட்டுப் பசைத் துவக்கு இன்னொரு விதம். மெல்லிய இலைக்குக் கீழ கட்டியாத் தெரியும், தகரக் கூரை வெக்கையில இளகும். செலோரேப் மஞ்சளாகி மட்டையையும் கறையாக்கும்.

பைண்டர் கம் பரவாயில்லை. காய்ஞ்ச பிறகும் கொஞ்சம் வளையும். விதை, பட்டை, தடிச்ச ஓலை மாதிரிப் பாரமான சாமான்களுக்கு அதுதான் சரி. ஆனா கனக்கப் பூசினால் அதில இருக்கிற தண்ணிக்கு இலை சுருளும், மட்டை நெளியும். காய்ஞ்சால் பிறகு சுத்தமாக் கழட்டுறதும் கஷ்டம்.

மெல்லிய இலைக்கும் பூவிதழுக்கும் நாங்கள் சொல்லுறது, பட்டம் கட்டேக்க காய்ச்சின அதே கோதுமை மாப் பசைதான். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணி, கட்டிபடாமல் காய்ச்சி ஆறவிடுங்கோ. ஈரத்துணி வைச்சால் இளகி விட்டிடும். குறையும் இருக்கு: பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் அது சாப்பாடு. பழைய புத்தகம் கட்டுறவை துத்தம் கலந்தவை. அது நஞ்சு, வீட்டில வேண்டாம். கிடைச்சால் மெதைல் செல்லுலோஸ் தூளை வாங்குங்கோ. பச்சைத் தண்ணியில கரைக்கலாம், பூச்சி தின்னாது, அதுவும் தண்ணிக்கு விடும்.

எந்தப் பசையெண்டாலும் நடு நரம்பில மூண்டு நாலு பொட்டு காணும். காம்புக்குக் குறுக்கால மெல்லிய காகிதக் கீலம் ஒண்டு, இல்லாட்டி நூலால ஒரு தையல். தாவரவியலாளர் உலர்தாவரங்களைத் தாளில பொருத்துறதும் இப்பிடிக் கீலமும் நூலும் வைச்சுத்தான். இலை நல்லாக் காய்ஞ்சிருக்க வேணும், கண்ணாடி இலையில முட்டக்கூடாது. இரண்டும் பிழைச்சால் எந்தப் பசையும் காப்பாத்தாது.

"சந்தையில ஒரு நாளைக்குப் பத்துப் பிறேம் விக்கிறனாங்கள், மாக் காய்ச்ச நேரமெங்க?" எண்டு கேப்பீங்கள். நியாயம்தான். வாங்குற ஆக்களும் பிறேமைத் தட்டிப் பார்த்துத்தான் காசு தருவினம். ஆனா எங்களிட்ட இலையைத் தாற ஆள் அழகுக்காக மட்டும் தாறதில்லை. விட்டிட்டு வந்த வளவு, தறிச்ச மரம், செத்துப்போன ஆள் வைச்ச பூங்கண்டு, இதெல்லாம் அதுக்குள்ள இருக்கு. கடையில திருப்பி வாங்க ஏலாத சாமான்.

1670களில ஒல்லாந்தக் கொம்பனி வைத்தியர் பவுல் ஹேர்மன் இலங்கையில சேர்த்த செடிகள், ஒட்டின தாளோடயே இப்பவும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில இருக்கு. அதைப் பார்த்துத்தான் லின்னேயஸ் 1747இல இலங்கைத் தாவரங்களைப் பற்றின புத்தகம் எழுதினவர். சுப்பர் குளூ கடைக்கு வந்ததே 1958இலதான்.

அக்கான்ர இலைகளில ஆறு மிஞ்சினது. கழட்டாமல், புகார் பிடிச்ச மட்டையை இலையைச் சுத்தி வெட்டி, புது மட்டையில வைச்சுக் குடுத்தம். காசு வாங்கேல்லை. இப்ப ஒவ்வொரு பிறேமின்ர பின்பக்கமும் என்ன பசை, எந்தத் திகதி எண்டு பென்சிலால எழுதுறம். பிறகு திறக்கப்போற ஆளுக்கு அது உதவும். நீங்களும் எழுதுங்கோ.