பூமாலை போதும், மேசை போடுங்கள்!



ஆண்டுதோறும் எஸ்.பி.எம். முடிவு வந்ததும் நம் கிளைகளில் ஒரு காட்சி நடக்கிறது. நல்ல மார்க் வாங்கிய பால்மரத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பூமாலை போடுகிறோம். கவரில் ஐம்பது வெள்ளி வைத்துக் கொடுக்கிறோம். படமும் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பிள்ளை பிறகு எந்தக் கல்லூரியில் சேர்ந்தது என்று கேட்பார் உண்டா? இல்லை!

மெட்ரிகுலேஷன் கல்லூரியின் வாசல் குறுகலானது. 2019இல் அங்கே மொத்த இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக்கினார்கள். ஆனால் பூமிபுத்ராக்களுக்குத் தொண்ணூறு, மற்றவர் அனைவருக்கும் பத்து என்ற பங்கு மாறவில்லை. 2024இல், பத்து ஏ எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் ஏழெட்டு ஏ வாங்கும் தோட்டத்துப் பிள்ளையின் கதி என்ன? இந்தக் கேள்வியை நாம் ஓயாமல் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தக் குறுகிய வாசலுக்குக்கூட நம் பிள்ளைகளில் பலர் போய்ச் சேருவதில்லையே! அதற்கு யார் பொறுப்பு?

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். மரம் வெட்டும் தாய் ஒருத்தி, மகளுக்கு வந்த கடிதத்தோடு ஆபிசுக்கு வந்தாள். “ஐயா, இதிலே என்ன போட்டிருக்கு, கொஞ்சம் பாருங்க” என்றாள். கிராணிக்கு அன்று சம்பளக் கணக்கு. “நாளைக்கு வாம்மா” என்றார். மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் பிரித்துப் பார்த்தால், இடத்தை ஏற்றுக்கொள்வதாகப் பதில் அனுப்பும் கெடு முந்தின நாளே முடிந்திருந்தது! அந்தப் பெண் இன்று பட்டணத்துக் கடையொன்றில் பில் போடுகிறாள். அந்தக் கிராணி துரையின் கையாள் அல்ல, எங்களில் ஒருவர். வெட்கத்தோடு எழுதுகிறோம்.

பால் நிறுவையில் ஒரு கிலோ குறைந்தாலும் கண்டுபிடிக்கும் கிராணிமார்களே! ஒரு விண்ணப்பத்தைப் பார்க்க உங்கள் கண்ணுக்கு முடியாதா?

மெட்ரிகுலேஷனுக்குத் தனி விண்ணப்பம். பல்கலைக்கழகங்களின் அசாசி வகுப்புக்கு யு.பி.யு. வழியாக வேறு விண்ணப்பம். ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டையும் போட்டதாகப் பெற்றோர் நம்பியிருக்கிறார்கள். இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு உண்டு. அதற்கும் கெடு உண்டு. அதுவும் கைகூடாவிட்டால் ஆறாம் படிவம் இருக்கிறது. மூன்று பருவம் படித்து எஸ்.டி.பி.எம். எழுதி, அதே அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். “எஸ்.டி.பி.எம். கஷ்டம்” என்று பயமுறுத்தி, கடன்பட்டுப் படிக்கும் இடத்துக்குப் பிள்ளையைத் தள்ளும் தரகர் பேச்சுக்கு மயங்காதீர்கள்!

இன்னொரு சங்கதி. யு.பி.யு. வழியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவரின் புள்ளியில் தொண்ணூறு படிப்புக்கு. பத்து புறப்பாட நடவடிக்கைக்கு. தோட்டத்துப் பிள்ளை பள்ளி முடிந்து விளையாட்டுக்கு நின்றால் பஸ் போய்விடும். பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பிள்ளை அந்தப் பத்தையும் விட்டுவிட்டு ஓடுகிறது. பட்டணத்துப் பிள்ளையை ஏற்றிப்போக அப்பாவின் கார் வரும். நம் பிள்ளைக்கு எது வரும்?

“அரசாங்கத்தை விட்டுவிட்டு நம்மையே குறை சொல்கிறீர்களே” என்று சிலர் கோபிக்கலாம். அரசாங்கத்தை விடவில்லை. பங்கை மாற்ற ஆண்டுகள் ஆகும். விண்ணப்பத்தைச் சரியாக நிரப்ப ஒரு சாயந்திரம் போதும்.

ஆகவே கேட்கிறோம். ஒவ்வொரு கிளையிலும் வாரம் இரண்டு சாயந்திரம் கிராணிமார் இருவர் மேசை போட்டு உட்காரட்டும். நான்காம் படிவத்திலேயே பிள்ளைகளின் பெயர் பதிவேட்டில் ஏறட்டும். விண்ணப்பம் போட்ட நாள், கெடு நாள், பதில் வந்த நாள் ஆகிய மூன்றையும் செக்ரோல் எழுதுவது போல் எழுதிவரட்டும். புறப்பாட நாட்களில் பின்னேர வண்டி வேண்டுமென்று கிளைக் காரியதரிசி நிர்வாகத்துக்கு எழுதட்டும். நிர்வாகம் மறுத்தால், பூமாலைக்கும் படத்துக்கும் ஆகும் பணத்தில் வேன் பிடியுங்கள்!

தாய்மார்களே, தந்தைமார்களே! காகிதத்தோடு வாருங்கள். “நாளைக்கு வா” என்று எந்தக் கிராணி சொன்னாலும் நகராதீர்கள். அது உங்கள் பிள்ளையின் ஓர் ஆண்டு!