எந்த வயலில் கிடைத்தது என்று கேளுங்கள்

சில வாரங்களாக ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் 1939இல் தோண்டியெடுத்த தங்கத் தோள்பூட்டு. கீழே, "ஆங்கிலேய அரசன் அணிந்தது தமிழன் நகை!" அனுப்பியவர்களில் பாதிப்பேர் இங்கேயே பிறந்து வளர்ந்த உங்கள் வயதுக்காரர்.

அது தமிழன் செய்த நகை இல்லை. செய்தவர் ஆங்கிலோ சாக்சன் பொற்கொல்லர். அவருடைய கைவேலையைப் பறித்துத்தான் நமக்குப் பெருமை வரவேண்டுமா?

உண்மை இதைவிடச் சுவையானது. 5ஆம், 6ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் உடையைப் பூட்டிய ஊசிகளிலும் பக்கிள்களிலும் பதித்த சிவப்புக் கார்னெட் கற்களில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை. கல்லின் வேதியியலை அளந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். 600ஐ ஒட்டி அந்த வரத்து குறைந்து, இன்றைய செக் நாட்டின் சின்னக் கற்கள் வரத் தொடங்குகின்றன. 2009இல் கிடைத்த ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலில் இரண்டு வகையும் உண்டு.

600 என்ற கணக்கு எப்படி வந்தது? ஊசி எந்தப் புதைகுழியில், எந்த மணிகளோடு கிடந்தது என்று யாரோ எழுதிவைத்ததால் வந்தது. நான் கணினித் துறையில் வேலை செய்பவன். நேரமும் இடமும் இல்லாத ஒரு பதிவை என் வேலையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் இணைய ஏலத் தளங்களைப் பாருங்கள். "சாக்சன் புரோச், வெண்கலம், இங்கிலாந்து." அவ்வளவுதான். எந்த மாவட்டம், எந்த வயல்? மௌனம். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 வருடத்துக்கு மேல் பழைய பொருளில் பத்து வீதமாவது தங்கமோ வெள்ளியோ இருந்தால் அறிவிக்க வேண்டும். 2023இல் மிக முக்கியமான சில பொருட்களையும் சேர்த்தார்கள். தனியாகக் கிடைக்கும் சாதாரண வெண்கல ஊசிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அந்த வெண்கலம்தான்!

உலோகம் தேடுபவர்கள் எல்லோரையும் திட்டவில்லை. ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலைக் கண்டுபிடித்ததே அவர்களில் ஒருவர்தான். 1997இல் தொடங்கிய தொல்பொருள் பதிவுத் திட்டத்தில் லட்சக்கணக்கான பொருட்களைத் தாமாகவே கொண்டுவந்து பதிந்தவர்களும் அவர்களே. என் கோபம் பதியாமல் விற்பவர்கள் மீது. "நாங்கள் எடுக்காவிட்டால் கலப்பை உடைத்திருக்கும்" என்பார்கள். சரி, எடுங்கள். இடத்தைக் குறிக்கக் கையில் போன் இருக்கிறதே, அதற்கு ஒரு நிமிடம் போதாதா?

இன்னொரு கொடுமை, பளபளப்பாக்குவது. புரோச்சின் பின்பக்கத்தில் இரும்பு ஊசியைச் சுற்றிய துருவில் சில சமயம் துணியின் நூல் ஒட்டியிருக்கும். துணி மக்கிப்போய் 1,400 வருடம் ஆனாலும், நெசவு எப்படிப் போனது என்று அதில் பார்க்கலாம். விலை கூடுமென்று ஒரு பிரஷ்ஷால் தேய்த்தால் அந்தப் பெண் உடுத்த துணியைப் பற்றி மிஞ்சியிருந்த ஒரே சாட்சியும் போயிற்று.

விற்பவன் மட்டும் குற்றவாளி இல்லை. வாங்க ஆள் இருப்பதால்தான் விற்கிறான். அந்த வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து, "நம்ம கல்" என்று ஒன்று வாங்கிக் கழுத்தில் தொங்கவிடலாமா என்று உங்களில் சிலர் என்னிடமே கேட்டீர்கள். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். "பழைய சேகரிப்பு, விவரம் தெரியாது" என்று பதில் வந்தால் பக்கத்தை மூடிவிடுங்கள். கார்னெட் பதித்த பூட்டுகளைப் பார்க்கத்தான் ஆசையென்றால் பிரிட்டிஷ் மியூசியத்தின் 41ஆம் அறைக்குப் போங்கள். நுழைவு இலவசம்.