அலமாரிக்குப் போகும் ஊன்றுகோல்கள்

மார்ச் பிறந்தால் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்கள் நால்வர், நடுவில் கல்லூரித் தாளாளர், கையில் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன்மேல் சென்சாரும் பேட்டரியும். பார்வையற்றோருக்கு நவீன ஊன்றுகோல், மாணவர்கள் அசத்தல் என்று தலைப்பு. அடுத்த ஆண்டு வேறு கல்லூரி, வேறு நால்வர், அதே குழாய், அதே சென்சார். இந்தச் செய்திகளை நம்பினால் தமிழ்நாட்டில் இந்நேரம் நவீன ஊன்றுகோல் இல்லாத பார்வையற்றவரே இருக்கக் கூடாது. ஆனால் மின்சார ரயிலில் ஏறி இறங்குகிறவர்களின் கையில் இருப்பது என்றைக்கும் போல மடக்கும் வெண்கோல்தான்.

அத்தனை ஊன்றுகோல்களும் எங்கே போயின என்பது கல்லூரிகளுக்குத் தெரியும். வைவா முடிந்த மறுநாள் துறை அலமாரிக்குப் போயின. சிலவற்றின் போர்டும் சென்சாரும் கழற்றப்பட்டு ஜூனியர்களின் கைக்கு மாறின. இதை மாணவப் பருவத்து விளையாட்டு என்று விட்டுவிட முடியவில்லை. ஒருவருடைய அன்றாடச் சிரமத்தை எடுத்து மதிப்பெண்ணாகவும் கோப்பையாகவும் மாற்றிக்கொண்டு, அவருக்கு மட்டும் ஒன்றும் தராமல் கலைந்து போவது தவறு. இதில் தொழில்நுட்பக் குறையைவிட நேர்மைக் குறையே பெரிது.

அந்தக் குழாயைக் கொஞ்சம் கவனித்துப் பார்ப்போம். அதிலுள்ள அல்ட்ராசோனிக் சென்சார் ஒலி அலையை அனுப்பி, அது மோதித் திரும்பும் நேரத்தைக் கொண்டு எதிரில் பொருள் இருப்பதை அறிந்து 'பீப்' என்று கத்தும். ஆய்வகத்தில் நாற்காலியை நிறுத்திக் காட்டினால் நன்றாகவே கத்தும். கோயம்பேடு பேருந்து நிலையத்தில் எதிரே எப்போதும் ஒரு ஆள் இருப்பார்; கத்தல் ஓயாது. காதை நம்பி நடப்பவருக்கு அந்தச் சத்தம் உதவியா, இடைஞ்சலா? வண்டி வரும் திசை, கடை வாசல், உடன் வருபவரின் காலடி என அவர் கேட்டுக்கொண்டிருந்த எல்லாவற்றையும் அது மூடிவிடுகிறது. வெண்கோலின் நுனி தரையைத் தொட்டு, இது சிமெண்ட், இது மண், இங்கே படி, இங்கே மூடியில்லாத சாக்கடை என்று சொல்லிக்கொண்டே வரும். நேரே பார்க்கும் சென்சாருக்குச் சாக்கடை தெரியாது. நம் ஊர் நடைபாதையில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் தரையில்தான் இருக்கிறது. ஒரே ஒரு பார்வையற்றவரோடு அரை மணி நேரம் நடந்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

நடந்தவர்களும் இருக்கிறார்கள். ஐஐடி டெல்லியின் ஸ்மார்ட்கேன் இளநிலை மாணவர்களின் வேலையாகத் தொடங்கியதுதான். பேராசிரியர் எம். பாலகிருஷ்ணனின் குழு பார்வையற்றவர்களிடம் போய்க் கேட்டபோது, வெண்கோலை யாரும் குறை சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே உள்ளதை அது காட்டிவிடுகிறது. மேலே இருப்பதுதான் சிக்கல். திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, தாழ்ந்த மரக்கிளை, நிறுத்திய லாரியின் பின்பக்கம் எல்லாம் நேரே முகத்தில் மோதும். ஆகவே அவர்கள் வெண்கோலைத் தூக்கி எறியவில்லை. அதன் பிடியில் பொருத்திக்கொள்ளும் கருவி ஒன்றைச் செய்தார்கள். மூன்று மீட்டர் தொலைவு வரை உள்ள தடையை அது அதிர்வால் கைக்குச் சொல்கிறது, காதைத் தொந்தரவு செய்வதில்லை. சக்ஷம் அறக்கட்டளை பயனாளிகளைச் சேர்த்தது, வெல்கம் டிரஸ்ட் பணம் தந்தது, சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரித்தது. சந்தைக்கு வந்தது 2014-ல். ஒரு பருவத் தேர்வுக்குள் முடிகிற வேலை இல்லை இது.

அமெரிக்காவிலும் இதே நோய் உண்டு. 2016-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர், சைகை மொழியைப் பேச்சாக மாற்றும் கையுறைக்காக லெமல்சன்-எம்ஐடி மாணவர் பரிசாகப் பத்தாயிரம் டாலர் பெற்றார்கள். காது கேளாதோர் தரப்பிலிருந்தும் அதே பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர்களிடமிருந்தும் கடும் மறுப்பு எழுந்தது. சைகை மொழியின் இலக்கணத்தில் பெரும் பங்கு முகத்திலும் புருவத்திலும் உடல் அசைவிலும் இருக்கிறது. கையுறைக்கு விரல் மட்டுமே தெரியும். அதைவிட முக்கியமான ஒன்று, கையுறையை மாட்டிக்கொள்ள வேண்டியவர் காது கேளாதவர், அதனால் வசதி பெறுபவர் காது கேட்பவர். இத்தனைக்குப் பிறகும் அந்தக் கையுறை நம் கல்லூரிக் கண்காட்சிகளில் இன்னும் புதுமையாகவே வலம் வருகிறது.

படிக்கிற பிள்ளைகள், முயற்சி செய்யட்டும், முளையிலேயே கிள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். முயற்சி செய்யட்டும். சென்சார் கற்க வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டி நிரம்புவதைக் காட்டும் கருவி செய்யலாம். அதில் யாருக்கும் வாக்குறுதி இல்லை. மாற்றுத்திறனாளியின் பெயரைச் சொன்ன கணத்தில் ஒரு வாக்குறுதி பிறந்துவிடுகிறது. பத்திரிகையில் படித்துவிட்டு, அது எங்கே கிடைக்கும் என்று கல்லூரிக்கு போன் செய்யும் தகப்பனுக்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்?

குற்றம் இருபத்தொரு வயதுப் பிள்ளைகள்மேல் என்று நாம் சொல்லவில்லை. பாதிப் பேருக்கு ஒருவித நல்லெண்ணம் உண்மையிலேயே இருக்கிறது. அந்த நல்லெண்ணத்தை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளுக்கும் பிராஜெக்ட் சென்டருக்கும் அனுப்பிவைப்பது கல்லூரி நிர்வாகம். பணம் கட்டினால் கருவி, அறிக்கை, வைவாவுக்கான பதில் எல்லாம் சேர்த்துக் கட்டித் தரும் கடைகள் இருப்பது எந்த கைடுக்குத் தெரியாது? கல்லூரியின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டின்போது சமூகப் பயன்பாடு என்ற தலைப்பில் ஒரு கோப்பு தேவைப்படுகிறது. கோப்புக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு மாற்றுத்திறனாளி. அழைத்து வந்து, கையில் கொடுத்து, படம் எடுத்து, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறார்கள். கருவியை அவரோடு அனுப்புவதில்லை.

1993-ல் பில்லிப்ஸ், ஜாவ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 227 பயனாளிகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். உதவிக் கருவிகளில் 29.3 சதவீதம் கைவிடப்பட்டிருந்தன. அவர்கள் கண்ட காரணங்களில் ஒன்று, தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காதது. இன்னொன்று, கருவி மிகச் சுலபமாகக் கையில் வந்து சேர்ந்தது. முகாம் போட்டு ஒரே அளவில் சக்கர நாற்காலி வழங்கும் நம் அரசியல்வாதிகளும் சேவைச் சங்கங்களும் இந்த இரண்டாவது காரணத்தை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

பயன்படுத்துபவரைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த ஆமஸ் வின்டர் ஒரு சாட்சி. மிதிவண்டிப் பாகங்களைக் கொண்டு, நெம்புகோலைத் தள்ளிக் கரடுமுரடான பாதையிலும் போகும் சக்கர நாற்காலியை அவர் குழு வடிவமைத்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் கொடுத்துப் பார்த்தபோது, வெளியே நன்றாக ஓடுகிறது, வீட்டுக்குள் உதவவில்லை, கனக்கிறது என்று பயன்படுத்தியவர்கள் சொல்லிவிட்டார்கள். குழு திரும்பிப் போய் ஏறத்தாழ 9 கிலோ எடையைக் குறைத்து, அடுத்த வடிவத்தைக் குவாத்தமாலாவுக்குக் கொண்டுபோனது. நம் கல்லூரிகளில் அந்த முதல் வடிவத்துக்கே கோப்பை கொடுத்துக் கதையை முடித்திருப்பார்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் ஆய்வுமையம் உருவாக்கிய, அமர்ந்தவரை எழுந்து நிற்கவைக்கும் 'அரைஸ்' நாற்காலி 2019-ல் வெளிவந்தது. அதற்கும் தயாரிப்பு நிறுவனம் உண்டு, விலை உண்டு, வாங்கியவர் உண்டு. ஐஐடிக்கு இருக்கும் பணம் எங்களுக்கு ஏது என்று தனியார் கல்லூரிகள் சொல்லக் கூடும். பேருந்து ஏறிப் போய் ஒருவரிடம் பேசுவதற்கு எவ்வளவு பணம் வேண்டும்?

அதற்கு முன் தங்கள் வாசற்படியை அவர்கள் பார்க்கட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்களின் கட்டடமும் வளாகமும் மாற்றுத்திறனாளிகள் புழங்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடம் தர வேண்டும் என்கிறது. படியேறும் சக்கர நாற்காலிக்குப் போட்டி நடக்கும் அரங்கத்துக்கே சாய்தளம் இல்லாத கல்லூரிகள் உண்டு. படியேறும் இயந்திரத்தைவிட ஒரு மூட்டை சிமெண்ட் மலிவு. அந்தச் சாய்தளத்தில் ஏறி வரக் கூடியவர்கள் யார் என்றும் பார்க்கட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படைக்கான ஆள்தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தேவையையும் பொறியியலையும் ஒருசேர அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை வகுப்பறைக்குள் விட்டால், எங்களுக்காக நீங்கள் யோசிக்க வேண்டாம், சேர்ந்து யோசிப்போம் என்று அவர்களே சொல்வார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான கருவி என்று பெயரிடப்படும் எந்த இறுதியாண்டுத் திட்டத்துக்கும் ஒரு மாற்றுத்திறனாளி தேர்வாளராக அமர வேண்டும். மற்ற தேர்வாளருக்குத் தரும் மதிப்பூதியம் அவருக்கும் தரப்பட வேண்டும். பயன்படாது என்று மதிப்பெண் குறைக்கும் அதிகாரமும் வேண்டும். ஒரு குழு விட்ட இடத்திலிருந்து அடுத்த ஆண்டுக் குழு தொடர வேண்டும். புதுத் தலைப்புக்காகப் பழைய கருவியைப் புதைக்கக் கூடாது. சோதனைக்கு உதவியவரிடமிருந்து கருவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் ஒழிய வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் இவற்றை வரும் கல்வியாண்டுக்கான திட்டப்பணி விதிமுறையிலேயே சேர்த்துவிடலாம். இதற்குப் புதிய சட்டமோ பெரிய செலவோ தேவையில்லை.