ஏந்தும் கை எது?

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாட் காலை சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் நடுங்கிற்று. பேரலை நமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. அவ்விரண்டு மணி நேரமும் நமக்குப் பயன்படவில்லை. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓட அறியாத மழலைகளும் அவர்களுட் பலர்.

நடுக்கம் நிகழ்ந்த இடத்துக்கு அண்மையிலுள்ள சிமெலுவே தீவிலோ அலை சில நிமிடங்களிலேயே வந்தது. ஆயினும், எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்களில் இறந்தோர் எழுவரே என்பர். காரணம் யாது? 1907இற் கடல்கோள் கண்ட முதியோர் அதற்கு ‘ஸ்மொங்’ எனப் பெயரிட்டு, நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடவேண்டுமெனப் பாட்டிலும் கதையிலும் பேரப்பிள்ளைகளுக்குப் புகட்டி வந்தனர். பாட்டி சொல்லே அங்கு முன்னேற்பாடாயிற்று.

நம் நாட்டில் 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. அது வேண்டியதே. ஆயின், தொட்டிற் குழந்தையை ஏந்தும் கையைச் சட்டம் தரமாட்டாது. அதனை அயலவரே முன்கூட்டி வகுத்தல் வேண்டும். நம் ஒழுங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? தந்தை கடலிலும் தாய் சந்தையிலும் இருக்கும் வேளையில் எப்பிள்ளையை எவர் தூக்குவார்? எவ்வழியால், எந்த மேட்டுக்கு? முன்பள்ளி ஆசிரியை ஒருவர் இருபது பிள்ளைகளை இரு கைகளால் ஏந்துவது எங்ஙனம்? அயலிலுள்ள மேல்வகுப்பு மாணவருள் அவருக்குத் துணையாவோர் யாவர்?

ஒரு மாலைப் பொழுதிற் கூடினால் இவற்றுக்கு விடை காணலாம்; ஆண்டுக்கு இருமுறை பிள்ளைகளோடு நடந்தும் பழகலாம். அலை வரும் வேளை ஆலோசிக்கும் வேளையன்று.